ழு மட்டும்

டிசைன் சாஃப்ட்வேர் திறப்பதற்குள்
எதிர்க்கடை டீ ஆறி, ஆடை கட்டி,
அதில் ஓர் ஈயும் விழுந்துவிடும்.
திருப்பாதிரிப்புலியூரில் கரண்ட் இருக்கிற நேரமே கொஞ்சம்,
அதில் பாதியை
இந்த நீல வட்டம் சுற்றியே தின்றது.

"வைரஸா இருக்கும்" என்றார் முதலாளி.
வைரஸ் இல்லை. எழுத்து.
மூவாயிரத்து நூற்று எண்பத்தாறு ஃபான்ட்.
பென் டிரைவில் வந்தவை, சிடியில் வந்தவை,
கல்யாணப் பத்திரிகைக்கு ஒன்று கேட்டால்
சீர்வரிசை போல முந்நூறாய் வந்து இறங்கியவை.
"தலைவர் பேர் இதுலதான் வரணும்" என்று
வட்டச் செயலாளர் தானே கொண்டுவந்து ஏற்றிய ஒன்று.
அவர் கட்சி மாறிவிட்டார்.
ஃபான்ட் அங்கேயே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன்.
சிஸ்டம் சொந்தமாக வைத்திருப்பதைத் தொடக் கூடாது,
தொட்டால் மெனுவெல்லாம் கட்டம் கட்டமாகும்.
போன வருஷம் பட்டது.
மீதி எல்லாவற்றுக்கும் ஒரே பரீட்சை.
ஒரு வரி அடிப்பேன்:
ஔவை ஸ்ரீ ழு க்ஷ
ஸ்ரீ வராதது வெளியே.
ஔ கேட்டால் ஒ-வுக்குப் பக்கத்தில்
நோஞ்சான் ள ஒன்றை நிறுத்துவது வெளியே.
போல்டு, போல்டு ஒன்று, புதிய போல்டு, போல்டு ஃபைனல்
எல்லாம் ஒரே முகம். ஒன்றைத் தவிர வெளியே.
எழுத்தின்மேல் பனி தொங்குவது:
கடலூர் வெயிலில் யாருக்குப் பனி?
ரத்தம் சொட்டுவதை மட்டும்
யோசித்துவிட்டு வைத்துக்கொண்டேன்.
ரத்ததான முகாம் வரும்.

தாழம்பூ என்று ஒன்று.
அதில் ழு-வின் வால் கீழே போய், தயங்கி,
கடலுக்கு முன்னால் கெடிலம் திரும்புகிற மாதிரி திரும்பும்.
கொஞ்ச நேரம் பார்த்தேன்.
ஸ்ரீ வரவில்லை. கட்டம்.
பரீட்சை பரீட்சைதான்.
குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன்.

இருநூற்றுப் பன்னிரண்டு மிஞ்சியது.
திங்கட்கிழமை டீ வருவதற்குள்
சாஃப்ட்வேர் திறந்து நின்றது.
முதலாளி ஒன்றும் சொல்லவில்லை,
அவர் பாராட்டு அப்படித்தான்.

புதன்கிழமை
சோனாங்குப்பம் அஞ்சாப்புலி வந்து போனை நீட்டினார்.
அவர் படகு. அதில்
ஏ மலையான் துணை.
நடுவில் ஒன்று உப்புக்காற்றில் உரிந்துபோயிருந்தது.
"பசங்க ஏய் மலையாங்கிறானுவோ.
அந்த ஒரு எழுத்து மட்டும் போட்டுக் குடும்மா.
நீ ஒட்டுனதுதான்."

பழைய ஃபைல் இருந்தது. திறந்தேன்.
ஆங்கில எழுத்துகள்
தலையில் குல்லாவும் பொட்டும் வைத்துக்கொண்டு
வரிசையாய் நின்றன.
தாழம்பூ.

வேறு நாலு ழு போட்டுக் காட்டினேன்.
ஒன்று குண்டு.
ஒன்று ஏ-வின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தது.
"இது நம்ம ழு இல்லியே" என்றார்,
நூறு வலைக்குள் தன் வலையைக் கண்டுபிடிக்கிறவர்.
அப்புறம் அவரே,
"அந்தப் பக்கத்துல நல்லாத்தான இருக்குது?
அதப் பாத்துப் போடேன்."

படகுக்கு இரண்டு பக்கம்.
எனக்குத் தோன்றவில்லை.

மகன் வாட்ஸப்பில் அனுப்பினான்,
அலையில் ஆடிச் சாய்ந்த படம்.
அதன்மேல் புள்ளி வைத்து, புள்ளி வைத்து,
வளைவை இழுத்து, விட்டு, மறுபடி இழுத்து,
ஒன்றேகால் மணி நேரம்.
ஒருமுறை மு ஆகிவிட்டது.
வால் தயங்குகிற அந்த இடம்
கடைசிவரை முழுசாய் வரவில்லை.

நீல வினைலை மெஷின் வெட்டித் துப்பியதும்
உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.
"எவ்ளோ?"
அறுபது என்றேன்.
"முழுப் பேரே அன்னிக்கு எரநூறுதான்.
எட்டெழுத்து. இருவத்தஞ்சு வருது."
இருபத்தைந்தே வாங்கினேன்.
மீதி முப்பத்தைந்து
நான் நடத்திய பரீட்சைக்கு ஃபீஸ்.

அந்த ழு இப்போது டெஸ்க்டாப்பில் இருக்கிறது.
ஃபான்ட் இல்லை, வெறும் படம்.
கீபோர்டில் எந்தச் சாவிக்கும் வராது,
கூப்பிட அக்கம்பக்கத்தில் ஓர் எழுத்து இல்லை.
சேமிக்கும்போது பெயர் கேட்டது.
அழிக்காதே என்று அடித்தேன்.
சிஸ்டம் தன் சொந்த எழுத்தில்
அதைக் காட்டியது.