பார்க்கலாம், திருத்தக் கூடாது

குத்தாய்சியில் பனி கொட்டத் தொடங்கினால்
எங்கள் ஆபீஸ் போனுக்குத் தூக்கம் கிடையாது.
பதினோரு கொதிகலன் மெக்கானிக்குகள், மூன்று வேன்கள்,
ஒரு மென்பொருள்.
அதற்குள் யார் எந்தக் கதவைத் திறக்கலாம் என்று
முடிவு செய்கிறவள் நான்.
சின்னச் சின்னக் கட்டங்கள். டிக் அடித்தால் வழி.
எடுத்தால் சுவர்.

மெக்கானிக்குக்கு முகவரி தெரியும்
காலை ஏழிலிருந்து மாலை ஏழு வரை.
ரியோனிக் கரையில் மூன்றாவது மாடி,
கதவு எண் 4417, மணி அடிக்க வேண்டாம், குழந்தை தூங்கும்.
வேலை முடிந்ததும் அந்த வீடு
அவன் போனிலிருந்து கரைந்துவிடும்,
குழந்தையும் சேர்ந்து.
ஸ்டோர் பார்க்கும் லியானாவுக்குப் பம்புகளின் எண்ணிக்கை தெரியும்,
அவை எந்தச் சுவருக்குப் பின்னால் சுழல்கின்றன என்பது தெரியாது.
கணக்காளருக்கு ஒவ்வொரு லரியும் தெரியும்,
ஒரு முகமும் தெரியாது.
விலை மட்டும் சிதம்பர ரகசியம்.

"அவனவனுக்கு வேண்டிய அளவு, ஏத்தேரி"
என்பார் முதலாளி ஜும்பேர்,
"கூடப் போட்டால் செரிக்காது."
அவர் பக்கத்தில் எல்லாக் கட்டங்களிலும் டிக் இருக்கிறது.
நன்றாகத்தான் செரிக்கிறது.

டிசம்பர் பத்தொன்பது.
மேற்பார்வையாளர் வக்தாங் ஐஸில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டார்.
இரவு அழைப்புகளை யாராவது பிரித்துக் கொடுக்க வேண்டும்.
மால்காஸை மேற்பார்வையாளர் ஆக்கினேன்.
ஒரே ராத்திரிக்குத்தானே.
அந்தப் பதவிக்குள் என்னென்ன திறந்திருக்கிறது என்று
நான் எட்டிப் பார்க்கவில்லை.
விடிந்ததும் பழையபடி மெக்கானிக் ஆக்கிவிட்டேன்.
இரண்டு கிளிக்.

எட்டு மணிக்கு வந்தான்.
கையுறையைக் கழற்றாமல் ஹீட்டர் பக்கத்தில் நின்றான்.
"பாலத்தடி வேலை. முந்நூற்று நாற்பது லரி.
எனக்கு வந்தது நாற்பத்தைந்து."
குரல் உயரவில்லை.
அழுத்தமானியைப் படித்துச் சொல்கிற மாதிரிதான் சொன்னான்.
"அந்தப் பக்கம் இப்போது வரமாட்டேன் என்கிறதே."
"எடுத்துவிட்டேன்."
"எதை?" என்றான்.

அவன் போனபிறகு பதிவேட்டைத் திறந்தேன்.
யார், எப்போது, எதைப் பார்த்தார்கள்
என்று அது தானாகவே எழுதிக்கொண்டே இருக்கும்.
23.52 முதல் 00.40 வரை, மால்காஸ்.
அடுத்தவன் வேலை ஒன்றையும் தொடவில்லை.
தன்னுடையதை மட்டும், டிசம்பர், நவம்பர், அக்டோபர் என்று
பின்னோக்கி நடந்து
போன மார்ச் வரை போயிருக்கிறான்.
மார்ச்சில் அவன் மகளுக்குப் பல் கட்ட முன்பணம் கேட்டதும்
நான்தான் "முடியாது" என்று பதில் அனுப்பியதும்
அந்தப் பக்கத்தில் இல்லை. எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இந்த மென்பொருளைச் செய்தவர்கள் கெட்டிக்காரர்கள்.
பார்க்க ஒரு கட்டம், சேர்க்க ஒன்று, திருத்த, அழிக்க.
கண்டதைக் காணாததாக்க
எங்கு தேடியும் ஒன்று இல்லை.

ஜும்பேர் கேட்டார்: "அந்தப் பதிவு வேண்டாமே?"
பதிவேடு: பார்க்கலாம், திருத்தக் கூடாது.
உங்களுக்கும்தான் என்றேன்.
மறுநாள் என் திரையிலிருந்து பதிவேடே போய்விட்டது.
பட்டியல் ஒரு வரி மேலே ஏறியிருந்தது.
பழக்கத்தில் விரல் அங்கேயே போய்
'விடுமுறை விண்ணப்பம்' திறக்கிறது,
தினமும் நாலைந்து தடவை.

மெக்கானிக்குகளுக்கு எழுத ஒரே ஒரு இடம் உண்டு.
வேலைக் குறிப்பு.
வால்வு மாற்றினேன், புகைபோக்கி சுத்தம் என்று போடுவதற்கு.
அது அப்படியே வாடிக்கையாளரின் ரசீதில்
கீழே அச்சாகும்; யாரும் அதை யோசித்து வைக்கவில்லை.
இந்த வாரம் மால்காஸின் குறிப்புகள்:
'சர்க்குலேஷன் பம்ப் மாற்றப்பட்டது. நாற்பத்தைந்து.'
'கசிவு அடைக்கப்பட்டது. நாற்பத்தைந்து.'

நேற்று ஒரு பெண் போன் செய்தாள்,
நானூற்றுப் பத்து கட்டியவள்:
"இது என்ன நாற்பத்தைந்து?"
அந்தக் கட்டம் இன்னும் என் கையில்தான் இருக்கிறது.
எடுத்தால் போதும், குறிப்பு அச்சாகாது.
"சற்று இருங்கள், பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு
பார்த்துக்கொண்டே இருந்தேன்.