இரண்டு பத்து

இரவு பத்துக்குப் பிறகு
பச்சைத்தண்ணி தவிர ஒன்றும் வேண்டாம்,
விடியவே இரத்தம் எடுக்கலாம் என்றார் மிஸ்ஸி
சிங்களத்தில், என் கொப்பியைப் பார்த்தபடி.
எனக்கு இராச்சாப்பாடே இரண்டு மணிக்குத்தான்.
வெள்ளவத்தையில்
பதினொரு மாடிக்கு நான் காவல்.

நிமிர்ந்தார்.
அப்ப உங்களுக்கு எப்ப இரவு?
தெரியாது, மிஸ்ஸி.

நடக்கச் சொன்னார். நடக்கிறேன்,
லிஃப்ட்டைத் தொடுவதில்லை.
பிளேன்ரீக்குச் சீனி வேண்டாம். சரி.
குளிசை சாப்பாட்டோடு. சரி.
ஆறாம் மாடி ஃபாஹிமா அக்கா
பெருநாளைக்குத் தந்த வட்டலாப்பத்தை
அவர் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

பிறகு சப்பாத்தைக் கழற்றவைத்து
தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நூலால்
உள்ளங்காலைத் தொட்டார்.
கண்ணை மூடுங்கோ. தெரியுதா?
தெரியுது.
இது?
தெரியுது.
இது?
இன்னும் தொடவில்லையே, மிஸ்ஸி.

அவர் பேசவில்லை.
கண்ணைத் திறந்தேன்.
பெருவிரலுக்குக் கீழே
நூல் வளைந்து நின்றது.

இப்போதெல்லாம்
கடற்பக்கப் படலையைப் பூட்டி
தண்ணீர்ப் பம்பை நிறுத்தி
கார்களுக்கிடையே டோர்ச் அடித்து
ஒருவரும் இல்லை என்று கண்டபின்,
கதிரையில் இருந்து
காலைத் தூக்கி மடியில் வைத்து
அதே டோர்ச்சை அடிக்கிறேன்.
விரலிடுக்கில் கொஞ்சம் மணல்.
குதிக்காலில் ஒரு வெடிப்பு,
போன கிழமையும் இருந்தது.
காயம் இல்லை.

பதிவுப் புத்தகத்தில்
2.10, வலது கால் என்று எழுதிவிட்டேன்.
வெட்டினேன்.
வளவு முழுதும் பார்த்தாயிற்று என்று
திருத்தி எழுதினேன்.