உடம்படுமெய்

கொழும்பு ஏஜென்சி அனுப்பின பைலில்
கறுப்புக் கடல், ஒரு படகு,
குறுக்கே சிவப்பில்
"வழிஇல்லை" என்று கிடந்தது.

நான் அதைத் திருத்தினேன்.
இகரத்துக்குப் பக்கத்தில் இகரம் வந்தால்
நடுவில் ஒரு யகரம் வேண்டும்:
வழியில்லை.
தாண்டவன்வெளியில் பிளெக்ஸ் அடிக்கிற கடையில்
வேறு யார் இதைப் பார்க்கப்போகிறார்கள்?
எழுத்துக்கு உன்னைப்போல ஆள் இல்லை என்றார் முதலாளி.
பத்தடிக்கு ஆறடி. நாற்பது பனர்.
சிவப்பு மை இரண்டு தரம் மாற்றினோம்.

அதே கிழமை, அதே மெசினில்
கோயிலுக்கும் ஒன்று, புலம்பெயர்ந்தோர் ஞாயிறுக்கு:
கழுதைமேல் தாயும் பிள்ளையும்,
கயிற்றைப் பிடித்தபடி சூசையப்பர்.
எகிப்து எல்லையில் அவர்களை நிறுத்தி
யார் என்ன கேட்டார்கள் என்று
சுவிசேஷத்தில் இல்லை.
பாஸ்போட் கிடையாது. பின்னால் ஏரோது.
அவ்வளவுதான் கேஸ்.

பிரசங்கத்தில் பாதர் இன்னாசி சொன்னார்:
மனிதனுக்குத் தன் ஊரில் வாழ உரிமை உண்டு.
வாழ முடியாதபோது
வெளிக்கிட்டுப் போகவும் உரிமை உண்டு.
ஒரு நாட்டுக்குத் தன் வாசலைக் காக்க உரிமை உண்டு,
ஆனால், வாசலில் நிற்பவனின் முகத்தைப் பார்த்த பிறகு.
திருச்சபை படிப்பிப்பது இதுதான்.

பின்வாங்கில் இருந்து மூன்று "உண்டு" எண்ணினேன்.
அந்த "ஆனால்" எந்த நாட்டிலும்
எத்தனை சின்ன எழுத்தில் அடிபடும் என்று
தொழில் புத்தி கணக்குப் பார்த்தது.

முன்வாங்கில் மெடோனா.
அவள் புருஷன் ஷெல்டன் பல்தசார்,
டச்பாரில் ஏசி திருத்துகிறவன்,
பத்தொன்பது நாள் கடலில் கிடந்தவன்.
மறித்த கப்பலின் தட்டில்
சற்றலைட் போனில் ஒரு குரல்
நாலு கேள்வி கேட்டதாம்.
பெயர். ஊர். ஏன் வந்தாய்.
திரும்பிப் போனால் உனக்கு என்ன நடக்கும்?
நாலாவதுக்குப் பதில் சொல்லத் தொடங்க
லைன் அறுந்ததாம்.
மறுபடி யாரும் எடுக்கவில்லை.

மறுகா கட்டுநாயக்கா. சீஐடி. நீர்கொழும்புக் கோடு.
அபராதத்துக்கு மெடோனாவின் சங்கிலி அடகில் போனது.
நட்சத்திரம் பார்த்துப் போன பல்தசார்
வேறு வழியால் ஊர் திரும்பிற்றார் என்று
டச்பார்ப் பொடியன்கள் பகிடி விட்டார்கள்.
அவனும் சேர்ந்து சிரித்தான்.
நித்திரையில் இன்னும்
நாலாவது கேள்விக்குப் பதில் சொல்கிறானாம்.

மாரி தொடங்கினதும்
சபை கொடுத்த அரிசியோடு போனேன்.
குசினிக்கு மேலே, தகரம் பிய்ந்த இடத்தில்
என் பனர்.
எழுத்து உள்பக்கம்.
கம்பத்திலிருந்து கழற்றிப் போட்டதை எடுத்தானாம்,
"நல்ல பிளெக்ஸ் அக்கா, ஒரு சொட்டு ஒழுகாது."
அடுப்புப் புகையில் கடல் மங்கியிருந்தது.
சிவப்பு மங்கவில்லை.

கீழே பாயில் மல்லாந்து கிடந்து
முதலாம் ஆண்டு படிக்கிற அவன் மகள்
கூரையை எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தாள்:
வ. ழி.
யி.
அதில் நின்றாள்.

அது நான் போட்ட எழுத்து.
இரண்டு உயிர் நேருக்கு நேர் வந்தால்
தாமாகச் சேராது பிள்ளைகள்,
நடுவில் ஒரு மெய் வரவேண்டும் என்று
மடத்துப் பள்ளிக்கூடத்தில் சிஸ்டர் படிப்பித்தார்.
உடம்படுமெய்.
உடம்படுதல் என்றால் சம்மதித்தல்.
மெய் என்றால் உடம்பு. உண்மையும் அதுதான்.
நாற்பது மார்க்குக்கு முப்பத்தொன்பது எடுத்தேன்.
சேர்க்கப் பிறந்த எழுத்தைக் கொண்டு
ஒரு கதவைப் பிழையில்லாமல் பூட்டியிருக்கிறேன்.

பிள்ளை அடுத்த எழுத்தைக் கேட்டது.
எனக்கு வாய் வரவில்லை.
கூரை ஒழுகவில்லை, உண்மைதான்.
வாசலில் நின்ற நான்தான் நனைந்துகொண்டிருந்தேன்.

ஷெல்டன் பிளாஸ்ரிக் கதிரையைச்
சாரன் நுனியால் துடைத்து
அடுப்படிக்குக் கிட்டப் போட்டான்.
மெடோனா கேத்திலை வைத்தாள்.
"என்ன அக்கா, அங்கேயே நிற்கிறீங்க?
உள்ளுக்கு வாங்க."