முழுச் சூட்டில்

பெரியகல்லாற்றில் ஹீற்றர் பழுதென்று சொன்னால்
சிரிக்காத ஆளில்லை.
ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி,
நடுவில நாம அவிஞ்சு கிடக்கிறம்,
உனக்கு வானுக்குள்ளயும் அடுப்புக் கேக்குதோ
என்றான் பெற்றோல் செட் குகபாலன்.
ரெண்டு ஹோஸையும் ஒண்டோட ஒண்டு கோத்துவிடு,
தண்ணி தன்பாட்டில சுத்தும்.

கோத்துவிட்டேன்.
காலடி விரிப்பு காய்ந்தது,
பாகு கருகுவது போன்ற அந்த இனிப்பு மணமும் போனது.
மாசியில் ஒரு கலியாணக் கூட்டம், பதினொரு பேர்,
நுவரெலியாவுக்கு.
ஏசி செத்து இரண்டு வருசம்.
ஹக்கல வளைவில் பதினொரு பேரின் மூச்சும்
கண்ணாடியில் படிந்து
றோட்டைக் காணவில்லை.
மாப்பிள்ளையின் மாமன் சால்வையைக் கழற்றித் துடைத்தார்,
துடைக்கத் துடைக்க வெளுத்தது.
எதிரே வந்த லொறியைப் பற்றி
வீட்டில் நான் வாய் திறக்கவில்லை.

ஏறாவூரில் வாங்கிவந்த பெட்டியைப் பார்த்துவிட்டு
எப்ப கழட்டுறது என்று மட்டும் கேட்டாள் சத்தியமலர்.

ஞாயிறு. முற்றத்து வேம்பின் கீழ்
பச்சைத் தண்ணீரைப் பேசினில் வடித்தோம்.
இனிக்கும், குடித்தால் சாவு.
கோழிகளைத் துரத்திவிட்டு
அதன் மேல் சுளகைக் கவிழ்த்தாள், சுளகின் மேல் ஒரு கல்.
டாஷ்போட் ஒரு பக்கம் விட்டால்
மறுபக்கம் கடித்துக்கொண்டு நிற்கிறது.
கழன்ற ஸ்குறுக்களை முட்டைத் தட்டின் குழிகளில் போட்டு
தபால் கந்தோர்க் கையெழுத்தில் துண்டு எழுதினாள்:
ஸ்டியறிங் கீழ், நீட்டு இரண்டு.
றேடியோப் பக்கம்.
கடைசிக் குழியில்: ஏசினது.
நான் அவ்வளவு ஏசியிருந்தேன் அந்த ஒன்றை.
அதற்கு என் கை போகவில்லை,
அவள் வளையலைக் கழற்றிவைத்து
தோள்வரை உள்ளே விட்டு, கண்ணை மூடி,
எதையோ கேட்பவள் போலத் திருகினாள்.

பெட்டிக்குள் ஒரு காய்ந்த இலை,
இங்கே எந்த மரத்திலும் இல்லாத ஐந்து விரல்.
மோந்து பார்த்தாள். மணமில்லை. போட்டுவிட்டாள்.

பழைய கோர் பச்சை பூத்திருந்தது.
ஒரு வாயை விரலால் அடைத்து
மறு வாயில் சைக்கிள் பம்பை வைத்து அடித்தேன்.
வாளித் தண்ணீருக்குள் ஒரு மூலையிலிருந்து
குமிழிகள் வரிசையாக வந்தன.
இவ்வளவுதானா என்றாள்.
இவ்வளவுதான்.

புதியதைப் பூட்டி முடிய மத்தியானம் ஒரு மணி.
ஒரு ஸ்குறு மிஞ்சியது. எதுவென்று சொல்லத் தேவையில்லை.
குழாய்க்குள் காற்று நின்றால் எல்லாம் வீண்,
எஞ்சினை ஓடவிட்டு
ஹீற்றரை முழுச் சூட்டில் வைக்கவேண்டும்,
மணம் வருகிறதா என்று பார்க்க
கண்ணாடி எல்லாம் ஏற்றியிருக்கவேண்டும்.
ஏறி இருந்தோம்.
முதலில் பிள்ளைப் புழுக்கம்,
பிறகு போறணை வாய்.
என் மூக்கு நுனியிலிருந்து சொட்டியது,
அவள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.
மணமில்லை. விரிப்பில் ஈரமில்லை.
முள் நடுவில் நின்றது.

போதும், நிப்பாட்டுவமா என்றேன்.

இரிங்க, என்றாள்.
பென்சன் எடுக்க வந்தவர் சொன்னவர்,
அந்த மாப்பிள்ளைட மாமன்.
லொறி எவ்வளவு கிட்ட வந்தது?

இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன்.
அவள் என் கைகளைப் பிடித்து
உள்ளே தள்ளினாள்,
இன்னும் கொஞ்சம்,
ஒரு சாண் மட்டும் மிஞ்சும்வரை.
ஓம் என்றேன்.

கண்ணாடியில் தட்டினான் குகபாலன்,
முகத்தை ஒட்டி, கையால் வெயிலை மறைத்து:
உள்ளுக்க ரெண்டு பேரும் என்னடா செய்யிறீங்க?