இப்படிக்கு

உட்துறைமுக வீதியில் எங்கள் காப்புறுதிக் கிளை.
கண்ணாடிக் கதவை மான்கள் மூக்கால் சோதிக்கும்.
காவலாளி சமிந்த துரத்த மாட்டான்;
உள்ளே வர நினைக்கும் எவரும் அவனுக்கு வாடிக்கையாளர்.

போன வருடம் வரை ஒரு மறுப்புக் கடிதத்துக்கு
நஸ்லிமாவுக்கு அரைநாள் வேண்டும்.
'வருந்துகிறோம்' என்று தொடங்குவதா
'அறியத்தருகிறோம்' என்று தொடங்குவதா,
பேனையைப் பல்லால் கடித்தபடி இருப்பாள்.
கிண்ணியாப் பாலம் தாண்டி வருகிறவள்.
கடிதம் போகும் ஆட்களில் பாதிப் பேரை
மறுநாள் பஸ்ஸில் முகத்துக்கு முகம் பார்க்க வேண்டியவள்.

பெப்ரவரியிலிருந்து இயந்திரம் எழுதுகிறது.
பதினொரு செக்கன், மூன்று மொழி.
எந்த மொழியிலும் அதற்குத் தொண்டை அடைப்பதில்லை.
வாடையில் வள்ளம் உடைந்த சலாஹுதீனுக்கு
'தங்கள் இழப்பின் ஆழத்தை முழுமையாக உணர்கிறோம்' என்றது,
அந்த ஆழம் எத்தனை பாகம் என்று கேளாமல்.

திருத்த ஒன்றுமில்லை. அதுதான் எரிச்சல்.
பத்தொன்பது வருடம்
மற்றவர் எழுதியதைத் திருத்தித் திருத்தியே
முகாமையாளர் ஆனவள் நான்.
இப்போது கீழே பெயர் மட்டும்:
இப்படிக்கு, பொ. சிவதாரணி.
சிவப்புப் பேனையை உதறினால் மை வருகுதில்லை.

ஜூனில் கொழும்பு கேட்டது:
நான்கு பேரையும் மதிப்பிட்டு அனுப்பு.
ஒளிப்பானேன், நானும் அதனிடம்தான் போனேன்.
ஐந்து குறிப்புக் கொடுத்தேன், ஒன்றரைப் பக்கம் தந்தது.
அதில் நஸ்லிமா அழகாகவே இருந்தாள்:
'மாற்றத்துக்கேற்ப வளர்வதற்கு இன்னும் இடமுண்டு.'
எனக்கு அது பாராட்டுப் போலப் பட்டது.
கொழும்பில் வேறு மாதிரி வாசித்தார்கள்,
அல்லது யாருமே வாசிக்கவில்லை.
அங்கேயும் ஒன்று இருக்கிறதே
ஒன்றரைப் பக்கத்தை ஒற்றை வரியாக்க.
நான் இங்கிருந்து காற்றடித்து அனுப்பிய டியூப்பை
அவர்கள் அங்கே வால்வைக் கழற்றி வைத்திருப்பார்கள்.

ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்று
அவளுக்கு அறிவிக்க வேண்டியது நான்.
இதையாவது கையால் எழுதலாமென்று
தாளை எடுத்தேன். 'அன்புள்ள நஸ்லிமா'
அதற்குப் பிறகு மத்தியானம் வரை ஒன்றுமில்லை.
கச்சான் ஜன்னலைப் பிடித்து உலுப்பியது.
மா ஆலைப் பக்கம் கப்பல் ஒன்று ஊதியது.
பார்த்தால், பேனை மூடியில் என் பல் அடையாளம்.

நாலு மணிக்கு அதையே எழுதச் சொன்னேன்.

விடிய அவளிடமிருந்து மின்னஞ்சல்:
'தாங்கள் வழங்கிய அனுபவங்களுக்கு
என்றென்றும் நன்றியுடையவளாக இருப்பேன்.'
நஸ்லிமா அப்படி எழுத மாட்டாள்.
'என்றென்றும்' கண்டால் வெட்டுகிறவள் அவள்.
ஆறடி தூரத்தில்தான் இருந்தோம், நடுவே அச்சுப்பொறி.
எங்கள் இரண்டு பேருக்காகவும்
அது தன்னோடு தானே
அத்தனை மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தது.

கடைசி நாள் பின்னேரம்
வாசல் குப்பைத்தொட்டியில் கலைமான் ஒன்று
கடதாசி சப்பிக்கொண்டு நின்றது.
யார் எழுதியது என்று அது பார்ப்பதில்லை,
எல்லாவற்றுக்கும் ஒரே மெல்லல்.
போன நஸ்லிமா திரும்பி வந்தாள்,
கையில் ஈரமாக அரைத் தாள், என் எழுத்து.
மேசையில் வைத்து ஒருக்கால் நீவிவிட்டாள்.
"பேருக்குப் பின்னால கொமா இல்ல, மிஸ்."
"மான் தின்றிருக்கும்" என்றேன்.
சிரித்தாளா என்று சொல்லத் தெரியவில்லை.

ஐந்தேகால் பஸ்ஸுக்கு ஓடினாள்.
அதே பஸ்ஸில் சலாஹுதீன் இருக்கக்கூடும்,
நாலாய் மடித்த என் கையொப்பம் சட்டைப்பையில்.
ஏன் இல்லையென்றார்கள் என்று கேட்பார்.
வேலை போனது அவருக்குத் தெரியாது.
அவளும் சொல்லத் தொடங்குவாள்,
பொருத்தமான சொல்லுக்காக நடுவே நிறுத்தி நிறுத்தி,
பாலம் முடிந்த பிறகும்.