எட்டாம் பத்தி

பிராதில் ஏழு பத்தி அடித்தாயிற்று.
எட்டாவது எப்போதும் ஒரே மாதிரிதான் தொடங்கும்:
வழக்கு மூலம் எழுந்தது.
அதை ஒட்டி ஒரு தேதி, ஓர் ஊர்.

ஊர் தெரியும். தேவகோட்டை.
சிலம்பணியிலிருந்து இரண்டு தெரு தள்ளி
ஏழு புள்ளிக்குப் பொதுவான வீடு,
அதில் மேற்கே ஓர் அறை,
அறைக்கு ஒரு பூட்டு,
சாவி காசிநாதன் இடுப்பில்.

தேதி கேட்டேன்.
அடைக்கம்மை ஆச்சி கைப்பையின் ஜிப்பை
மூடினார், திறந்தார்.
"எந்தத் தேதியச் சொல்ல?"

புருஷன் போன பதினாறாம் நாள்
பந்தியில் அவருக்குக் கடைசி இலை,
கறி தீர்ந்த பிறகு.
கொழுந்தன் மகள் கல்யாணப் பத்திரிகையில்
எல்லோர் பெயரும் இருந்தது, இவர் பெயர் இல்லை.
பிறகு ஒரு பொங்கல்.
பிறகு, சொல்லவே வேண்டாம் என்று சொல்லிவிட்டு
அரைமணி நேரம் சொன்ன ஒன்று.
எல்லாம் குறித்துக்கொண்டேன்.
எதன் அடியிலும் கோடு போட முடியவில்லை.
கடைசி இலைக்குச் சட்டத்தில் பரிகாரம் கிடையாது.

"அறைக்குள்ள என்ன இருக்கு ஆச்சி?"

அதற்குத்தான் நிமிர்ந்தார்.
மங்குச் சட்டி பதினொன்று, மூடியோடு.
வெள்ளிக் கூஜா ரெண்டு.
இட்டிலிக் கொப்பரை, பெரிசு.
சீர்ப் பட்டியலை நாலாய் மடித்து
ரேஷன் கார்டு உறைக்குள் வைத்திருந்தார்.
கீழே மாமனார் கையெழுத்து,
மை இன்னும் கறுப்பாகவே.

"திருப்பிக் கேட்டீங்களா?"
"கேக்கணுமா? அவனுக்குத் தெரியாதா?"

அவனுக்குத் தெரியும். கோர்ட்டுக்குத் தெரியாது.
கொடுத்து வைத்த பொருள்
கேட்டு, இல்லையென்று சொல்லப்படும்வரை
கொடுத்து வைத்த பொருள்தான்.
மூணு வருஷக் கெடு முடிந்துபோச்சோ என்று
பயந்து வந்தவரிடம்
கெடு இன்னும் ஆரம்பிக்கவே இல்லை என்றேன்.
பத்தொன்பது வருஷக் கோபத்துக்கு
சட்டப்படி ஒரு நாள்கூட வயதாகவில்லை.
சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.
அழுதார்.

செக்காலையிலிருந்து பஸ் ஏறிப் போய்க் கேட்டார்.
"வாங்க அண்ணமிண்டி." காப்பி வந்தது.
"பாப்பம்" என்றானாம்.

பாப்பம் மறுப்பாகாது.
அடுத்த மாதம்: "ஆடி கழியட்டும்."
அதுவும் ஆகாது.
மூன்றாம் தடவை வாயே திறக்கவில்லை,
எழுந்து மின்விசிறியை ஓர் எண் கூட்டிவிட்டு
உட்கார்ந்தானாம்.
அன்று ராத்திரி நான்
தீர்ப்புத் திரட்டுகளில் மின்விசிறியைத் தேடினேன்.

ஆகவே நோட்டீஸ்.
பதிவுத் தபால், ஒப்புகை அட்டையோடு,
பதினைந்து நாள் தவணை.
ஆறாம் நாளே உறை திரும்பி வந்தது,
ஒட்டின வாய் ஒட்டினபடி.
முகவரிக்குக் குறுக்கே தபால்காரர்
சாய்ந்த எழுத்தில்
வாங்க மறுத்தார் என்று எழுதித்
தேதி போட்டிருந்தார்.

ஆச்சிக்குப் போன் செய்தேன்.
அந்தப் பக்கம் குக்கர் இரண்டு விசில் விட்டது.
"எழுத்துலயே வந்துருச்சா" என்றார்,
பேரன் பாஸ் என்று கேட்ட குரலில்.

நேற்று கையெழுத்துப் போட வந்தவர்
ஒவ்வொரு பக்கமாகப் படித்தார்.
எட்டாம் பத்தியில் விரல் நின்றது,
தபால்காரரின் தேதி மேல்.
பின்னோக்கிப் புரட்டினார்.
"அந்தப் பந்தி எங்க?"

அது வேண்டியதில்லை ஆச்சி, இதுவே போதும்.

"போதும்தான்."
பேனாவைத் திறக்காமல் வைத்திருந்தார்.

மூன்றாம் பத்தியைத் திரும்ப அடித்தேன்.
பதினாறாம் நாள், கடைசி இலை, கறி உட்பட.
எதிர்த்தரப்பு வக்கீல் வழக்குக்குத் தொடர்பில்லாதது,
நீக்கவேண்டும் என்று மனுப் போடுவார்.
அநேகமாக நீக்கியும் விடுவார்கள்.

போடட்டும்.
எதை நீக்க வேண்டும் என்று
அவர் திறந்த கோர்ட்டில்
ஒரு தடவை வாசித்தாக வேண்டும்,
காசிநாதன் பின்னால் நின்று கேட்க.