இன்னும் இருபது நொடி

எங்கள் நூலகத்துப் பின்சுவரில்
பதினோரு முழ நீளத்துக்கு ஓர் ஓவியம்.
கெமி ஆறு, மிதந்து வரும் மரக்கட்டைகள்,
கழியூன்றித் தள்ளும் ஆறு பேர்.
நகல் இயந்திரம் நிற்பது அதன் கீழேதான்.
காசை விழுங்கிக்கொண்டு தாள் தராதபோது
சிலர் நிமிர்ந்து பார்ப்பதுண்டு.

போன இலையுதிர்காலத்தில்
உள்ளங்கை அகலக் கறுப்பு வெள்ளைக் கட்டம் ஒன்றை
ஓவியத்தின் ஓரத்தில் ஒட்டினேன்.
செல்போனைக் காட்டினால் வரைந்தவர் பேசுவார்.
முதியோர் இல்லத்தில் போய்ப் பதிந்து வந்தது.
நடுவே இருமல், காப்பிக் கோப்பை வைக்கும் ஓசை.
எதையும் வெட்டவில்லை.

முதல் வாரம் நாற்பது முறை கேட்கப்பட்டது.
முப்பத்தேழு நான்.

பிறகுதான் கணக்கில் அது தென்பட்டது:
செவ்வாய், வியாழன்,
பின்னிரவு இரண்டே முக்கால்.
ஏழு மணிக்கே பூட்டிவிடுகிறோம்.
காலையில் பனியில் ஒரு காலடித் தடம்
ஜன்னல்வரை வந்து
நின்று
ஆலைப் பக்கமாய்த் திரும்பியிருந்தது.

ஒருமுறை பிடித்தால் போதும்,
கதை போனிலேயே கிடக்கும்;
வீட்டில் படுத்தபடி கேட்கலாம்.
ஆனாலும் அந்த ஆள் வருகிறார்,
மைனஸ் இருபத்தாறில் கையுறை கழற்றி.
எப்போதும் ஒரே இடத்தில் நிறுத்திவிடுகிறார்:
ஒரு நிமிடம் பன்னிரண்டு நொடி.

அந்த இடத்தில் கிழவர் சொல்வது:
"நாலாவது ஆள் தைஸ்தோ.
வாங்கிய கடனைத் தரவே இல்லை.
முகம் எதற்கு அவனுக்கு?
முதுகைத்தான் வரைந்தேன்."

அப்புறம் இருமல்.
அதற்கும் அப்புறம், யாரும் கேட்காத இருபது நொடி:
"ஆனால் அந்தச் சட்டை மடிப்புக்கு
பதினாறு நாள் பிடித்தது.
மற்ற ஐந்து முகமும் சேர்ந்தே ஒரு வாரம்தான்."

நகல் இயந்திரத்தை நகர்த்தினேன்.
வயர் எட்டவில்லை என்று மேலாளர் பைவி கத்தினாள்.
ஜன்னலிலிருந்து இப்போது
நாலாவது ஆள் முழுசாய்த் தெரிகிறான்.
கண்ணாடியின் வெளிப்புறம் ஒரு சீட்டு:
"இன்னும் இருபது நொடி கேளுங்கள்."
மை உறையும் என்று பென்சிலில் எழுதினேன்,
ஒரு பென்சிலையும் நூலில் கட்டித் தொங்கவிட்டேன்.

செவ்வாய், யாரும் வரவில்லை.
வியாழன், இரண்டு நாற்பத்துநாலு:
கடைசிவரை.
உடனே மறுபடியும், கடைசிவரை.

சீட்டின் அடியில்
குளிரில் நடுங்கிய எழுத்து:
"சட்டை அம்மா தைத்தது.
கடன் துணிக்கு வாங்கியது."

இதை எங்கே ஒட்டுவது?
கிழவருக்கு போன் போட்டேன்.
எடுத்தார்.
வெகுநேரம்
கோப்பை வைக்கும் ஓசைகூட இல்லை.